ஒன்பது பேருக்கு ஒரே ஆ

எனக்கு வாய் நீளம். எங்கள் வீட்டுக்காரரைக் கேட்டால் இதைவிட மோசமாகச் சொல்வார். அப்பேர்ப்பட்டவள் ஒரு வருஷம் முழுக்க ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதனால் ஒரு மனுஷனுக்குக் குரலே போயிருக்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது, கூடவே என்னை நானே ரெண்டு அறை அறைந்துகொள்ளலாம் போலவும் இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் குமணன்சாவடியில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. அம்பத்தூரில் ஆறு மாசம் கோர்ஸ் படித்த சர்டிபிகேட்டை நம்பி எடுத்துக்கொண்டார். அவருடைய மைத்துனர் வெளிநாட்டிலிருந்து நான்கு ஃபிளாப்பியில் ஒரு சாஃப்ட்வேர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். மைக் முன்னால் உட்கார்ந்து "ஆ" என்று ஐந்து விநாடி இழுத்தால் போதும், அது குரலைப் பிரித்து மேய்ந்து எண்ணெண்ணாகக் கொட்டிவிடும். தொண்டைக்குள் ரெண்டு குரல்நாண்கள் இருக்கின்றன. நாம் பேசும்போது அவை விநாடிக்கு நூறு தடவைக்கு மேல் ஒட்டி ஒட்டிப் பிரிகின்றன. ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு நேரம் எடுத்தால் நல்ல குரல். முன்னே பின்னே ஆனால் அந்தத் தடுமாற்றத்துக்கு ஜிட்டர் என்று பெயர். சத்தம் கூடிக் குறைந்தால் அது ஷிம்மர். குரலோடு எவ்வளவு காற்று இரைச்சல் கலந்திருக்கிறது என்பதற்கு வேறொரு எண். காது கண்டுபிடிக்காததை இந்த எண்கள் கண்டுபிடிக்கும் என்று டாக்டர் முதல் நாளே சொன்னார். அதை நான் நோட்டில்கூட எழுதிக்கொண்டேன், எழுதியதோடு சரி.

இதற்கென்று சத்தம் புகாத அறை வேண்டுமாம். எங்களுக்கு வாய்த்தது மாடிப்படிக்கு அடியில் இருந்த ஸ்டோர் ரூம். கீழே பரோட்டாக் கடையில் காலி முட்டை அட்டைகளை வாங்கி, சுவர் நாலிலும் ஒட்டினோம். டாக்டர் சுத்த சைவம். அந்த ரூமுக்குள் வரும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வருவார். வெளியே பெங்களூர் ரோடு. உள்ளே ஒரு ஃபேன். ஃபேன் ஓடினால் அந்த ரீங்காரத்தையும் சேர்த்துக் குரல் என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும் என்பதால், ரெக்கார்டிங் என்றாலே முதலில் ஃபேனை நிறுத்தவேண்டும். நோயாளிக்கு ஒரு பக்கம் வேர்க்கும், எனக்கு ஒரு பக்கம் வேர்க்கும், முட்டை அட்டை ஒரு பக்கம் மணக்கும்.

இதில் வந்து உட்காருகிறவர்கள் இருக்கிறார்களே! "ஆ" சொல்லுங்கள் என்றால் பாதிப் பேர் நாக்கை வெளியே நீட்டிக் காட்டுவார்கள், சத்தம் வராது. பஜனை மடத்தில் பாடுகிற ஒருவர் "ஆ"வை எடுத்து ஆலாபனையே செய்துவிட்டார். கம்ப்யூட்டர் அவருக்குத் தொண்டையே இல்லை என்கிற மாதிரி எண் கொடுத்தது. நடுவில் முட்டை அட்டைக்குப் பின்னாலிருந்து பல்லி கத்தினால் நோயாளி பாதியில் நிறுத்திவிட்டு, எந்தத் திக்கில் கத்தியது, என்ன பலன் என்று என்னிடம் கேட்பார். ஒரு தடவை, கூச்சப்பட்ட ஓர் அம்மாள் முணுமுணுத்த நேரத்தில் ரோட்டில் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது. சாஃப்ட்வேர் லாரியைப் பிடித்துக்கொண்டது. ஜிட்டர் துளிகூட இல்லை, மிக நல்ல குரல் என்று ரிப்போர்ட் வந்தது. டாக்டர் பேப்பரைப் பார்த்துவிட்டு, "இது பொம்பளை இல்லம்மா, லாரி" என்று திருப்பிக் கொடுத்தார்.

இதனால் அவர் ஒரு விதி போட்டார். தினமும் காலையில் வந்தவுடன் முதல் "ஆ" நான் சொல்லவேண்டும். என் எண் நேற்று மாதிரியே இருந்தால் மெஷின் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். மற்றவர்கள் காலையில் ஆபீஸ் போய் சாமி படத்துக்குப் பூ வைப்பார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, ஃபேனை நிறுத்தி, சுவரைப் பார்த்து "ஆ" சொல்வேன்.

எங்கள் வீட்டுக்காரருக்கு அம்பத்தூர் பக்கம் ஒரு இரும்பு வார்ப்படத் தொழிற்சாலையில் வேலை. திருமுல்லைவாயிலில் கம்பெனி குவார்ட்டர்ஸ். தூத்துக்குடிக்காரர், தர்மபுரிக்காரர், தஞ்சாவூர்க்காரர் என்று வரிசைக்கு ஒரு ஜில்லா. அந்தத் தொழிற்சாலையில் புதிதாக வந்த ஓர் அதிகாரி, தொண்டை கட்டியவன் ஷாப்பில், அதாவது இரும்பு வார்க்கிற கூடத்தில், நின்று கத்த முடியாது, கத்தாவிட்டால் ஆபத்து என்று கண்டுபிடித்தார். தொண்டை சரியில்லை என்று ஒருமுறையாவது லீவு போட்டவர்கள் எல்லாரும் எங்கள் டாக்டரிடம் குரல் ரிப்போர்ட் வாங்கி வரவேண்டும். ரிப்போர்ட் மோசமானால் வெளியூரில் இருக்கும் இன்னொரு யூனிட்டுக்கு மாற்றல், குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். அந்தப் புகையிலும் மண்ணிலும் நிற்கிறவனுக்கு எங்கே இருக்கும் நல்ல தொண்டை? பத்து பேருக்கு ஓலை வந்தது. முதல் ஓலை எங்கள் வீட்டுக்காரருக்கு. அவர் குரலைப் பற்றிச் சொல்லவேண்டுமானால், நெல்லு மிஷினில் கல் விழுந்த சத்தம்.

அந்தப் பட்டியலில் பெயர் இல்லாத ஒரே தொண்டை, கிரேன் சிக்னல்காரருடையது. திருமுல்லைவாயில்காரர். அவர் அப்பா காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட நிலத்தின் மேல்தான் எங்கள் குவார்ட்டர்ஸே நிற்கிறது என்று அடிக்கடி சொல்லிக் காட்டுவார். கிரேனுக்குச் சாதாரணமாகக் கை ஜாடைதான். ஆனால் அவர் நிற்கிற இடத்தில் தூணும் புகையும் மறைக்கும், மேலே கூண்டில் இருக்கிறவனுக்குக் கை தெரியாது. காய்ச்சிய இரும்பு தொங்கும், அடியில் ரெண்டு பேர் நிற்பார்கள். "நிறுத்து" என்று இவர் ஒரு குரல் கொடுத்தால் அத்தனை மெஷின் சத்தத்தையும் கிழித்துக்கொண்டு மேலே போய்ச் சேரும். அந்தக் குரல்தான் அவர் பிழைப்பு, அந்தக் குரல்தான் அவர் திமிர். குவார்ட்டர்ஸ் கிளப்பில், கூப்பிடுகிற நம்பரைச் சீட்டில் அடித்துக்கொண்டே வருகிற ஹவுசி ஆட்டம் என்றால் நம்பர் கூப்பிடுவதும் அவர்தான். மைக்கைக் கொடுத்தால் அவமானப்பட்டவர் மாதிரித் தள்ளி வைத்துவிடுவார்.

எங்கள் வீட்டுக்காரர் ரிப்போர்ட்டுக்கு வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. டாக்டர் தன் அறையில் கண்ணாடி விட்டுத் தொண்டையைப் பார்த்து, சிவந்து வீங்கியிருக்கிறது என்று கேஸ் ஷீட்டில் எழுதி, ஷீட்டைக் கையில் கொடுத்து என்னிடம் அனுப்பினார். நடுவில் எட்டடி வராந்தா. நான் ஃபேனை நிறுத்திவிட்டுத் திரும்பினால், எங்கள் வீட்டுக்காரருடைய ஷீட்டோடு எதிரில் உட்கார்ந்திருப்பது சிக்னல்காரர். எனக்கு வந்ததே கோபம். கட்டின புருஷனையே எனக்கு அடையாளம் தெரியாது என்று நினைத்தீர்களா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"இன்னா அண்ணி, ஒரு ஆ தானே?" என்றார். "கிஷ்ணாயில் லைன்ல கல்லு வெச்சுட்டுப் போறோம். அந்தக் கல்லை ஆளுன்னு எல்லாரும் ஒத்துக்கினுதானே நிக்கிறாங்கோ? நான் கல்லைவிட மட்டமா?"

சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த நிமிஷம் அது நியாயமாகவே பட்டது. எங்கள் வாழ்க்கையே அப்படித்தான் நடந்தது. மண்ணெண்ணெய் வரிசையில் நான் செங்கல்லாக நின்றிருக்கிறேன். கேஸ் புக் பண்ண ஒருத்தி போனால் ஒன்பது பேர் புத்தகத்தைக் கொண்டுபோவாள். தொழிற்சாலை கேட்டில் ஒருவன் கார்டை இன்னொருவன் அடிப்பான். ஒருவருக்காக ஒருவர் நிற்பதை நாங்கள் தப்பு என்றே நினைத்ததில்லை. அதோடு, பிள்ளையின் பள்ளிக்கூடம், என் வேலை, வீடு எல்லாம் அந்தப் பேப்பரில் இருந்தது. நான் "சொல்லுங்க" என்றேன். அவர் "ஆ" என்றார். முட்டை அட்டையெல்லாம் அதிர்ந்தது. நாங்கள் ரெக்கார்ட் செய்ததிலேயே, லாரிக்கு அடுத்தபடி, நல்ல குரல் அதுதான்.

ஒன்று நடந்தால் ஒன்பதும் நடக்கும். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? அந்த ஆடியிலிருந்து அடுத்த ஆடிக்குள் ஒன்பது பேர் வந்தார்கள். ஒன்பது பேரின் தொண்டையையும் டாக்டர் பார்த்தார், ஒன்பது பேருக்கும் சிக்னல்காரர் "ஆ" கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் வராந்தாவில் சட்டையை மாற்றிக்கொண்டு வருவார், அதுவும் ஏனென்று தெரியாது. நான்தான் பார்க்கிறேன், எனக்குத்தான் ஆளைத் தெரியுமே. கேட்டால், ஒரு மரியாதைக்கு அண்ணி என்பார்.

டாக்டருக்குத்தான் மண்டை காய்ந்தது. தொண்டையைப் பார்த்தால் சிவப்பு, வீக்கம், சளி. எண்ணைப் பார்த்தால் தங்கம். ஒருவருக்கு இப்படி இருந்தால் மெஷின் கோளாறு, அத்தனை பேருக்கும் இருந்தால்? அவர் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். இந்த ஒன்பது பேரும் சத்தத்தில் கத்திக் கத்தி நாணை உரமேற்றியிருக்கிறார்கள். கூடவே, ஆறு பேர் வெற்றிலை போடுகிறவர்கள். வெற்றிலைச் சாறு குரலைக் காக்கிறது. இதை ஒரு கட்டுரையாக எழுதி டாக்டர்கள் கூட்டத்தில் படிக்கப்போவதாக என்னிடம் சொன்னபோது அவர் கண்ணில் அப்படி ஓர் ஒளி. ஒரு வாரத்தில் பார்த்தால், பாக்கு வாசனையே பிடிக்காத மனுஷன் மேஜை மேல் வெற்றிலைப் பெட்டி வைத்துக்கொண்டு மென்றுகொண்டிருக்கிறார். என் வாய் வரை வந்தது. வீட்டை நினைத்து முழுங்கிக்கொண்டேன்.

கட்டுரைக்காக ஒன்பது ரிப்போர்ட்டையும் தேதி வாரியாக எடுத்து அடுக்கும்மா என்றார். மேஜை போதவில்லை, முட்டை அட்டை ரூமின் தரையிலேயே வரிசையாகப் பரப்பினேன். முதல் பேப்பர் எங்கள் வீட்டுக்காரர் பெயரில், ஆடி மாசம். ஜிட்டர் துளி. அடுத்தது கொஞ்சம் கூட. மூன்றாவது அதே அளவு. நான்காவது கூட. நான் உட்கார்ந்த இடத்திலேயே நகர்ந்து நகர்ந்து போய்க்கொண்டிருந்தேன். ஒன்பதாவதுக்கு வரும்போது ஜிட்டர் முதல் பேப்பரைப்போல மூன்று மடங்கு. காற்று இரைச்சலும் அப்படியே ஏறியிருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்பதும் பாஸ். ஒன்பதாவதுகூட எல்லைக்குள் நூல் பிடித்த மாதிரி நின்றது. ஆனால் பெயரை எடுத்துவிட்டுப் பார்த்தால், அது ஒரே ஒரு ஆள் ஒரு வருஷமாகப் படியேறிக்கொண்டிருப்பது. எந்தப் படி என்றுதான் தெரியவில்லை.

மைக் தேய்ந்திருக்கும், கம்ப்யூட்டருக்கு வயசாகியிருக்கும் என்றார் எங்கள் வீட்டுக்காரர். மைக் என்ன செருப்பா தேய்வதற்கு என்று கேட்டேன். அடுத்த நாள் என் தினசரி "ஆ" எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். ஒரு வருஷத்துக் காலைகள். ஜுரம் வந்த ஒரு வாரத்தைத் தவிர ஒரே கோடு. மெஷினுக்கு ஒன்றுமில்லை. மெஷின் கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறது, கேட்கவேண்டியவள் பெயரை மாற்றி மாற்றி டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் சிக்னல்காரர் வீட்டுக்கே போனேன். முன் கம்பிக் கதவில் சாய்ந்துகொண்டு யாரையோ மூன்று தெரு தள்ளிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். காதால் கேட்டால் ஒரு குறையும் இல்லை. நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அதெல்லாம் அவனுங்க பேர்ல கீது அண்ணி. என் பேர்ல ஒண்ணும் இல்லியே. அவனுங்கள இட்டுக்கினு போய்ப் பாருங்கோ" என்றார்.

விளையாட்டுக்குச் சொன்னார் என்று நினைத்தேன். இல்லை. மனுஷன் நிஜமாகவே அதை நம்பினார். அந்த ஒன்பது "ஆ"வையும் கொடுத்தாயிற்று, கொடுத்த பொருள் அவர்களுடையது, அதில் வருகிற வியாதியும் அவர்களுடையதுதான் என்று வாதம் செய்தார். நான் என் நீளமான வாயை அங்கேதான் ஒழுங்காக உபயோகித்தேன். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து, ராத்திரியில் இவர் அடிக்கடி செருமுவதாகவும் கேட்டால் ஈரக்காற்று என்று சொல்வதாகவும் மெதுவாகச் சொன்னார். அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை. சரி, தொண்டையைக் காட்டுகிறேன், ஆனால் என் பேரில் காட்டமாட்டேன் என்றார். சொந்தப் பெயரில் கெட்ட தொண்டை என்று ஒரு காகிதம் வந்தால் கிரேனுக்கு அடியிலிருந்து தூக்கிவிடுவார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிந்தது. பட்டியலில் பத்தாவது ஆள் இன்னும் ரிப்போர்ட் வாங்காமல் இருந்தார், தூத்துக்குடிக்காரர். அவர் பெயரில் கேஸ் ஷீட் போட்டோம். இந்தத் தடவை தொண்டையே ஆள்மாறாட்டம்.

டாக்டர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, கண்ணாடியை விட்டுப் பார்த்தார். வழக்கமாக அரை நிமிஷம் பார்ப்பவர் ரொம்ப நேரம் பார்த்தார். வலது நாணில் வெள்ளையாக ஒரு திட்டு. சதை எடுத்துப் பரிசோதிக்கவேண்டும், வீட்டில் யாரையாவது கூட்டி வாருங்கள் என்றார். சிக்னல்காரர் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, பஸ் ஏறிப் போய்விட்டார், நாலு நாள் தலையைக் காட்டவில்லை. டாக்டர் பொறுக்கமுடியாமல் கேஸ் ஷீட்டில் இருந்த விலாசத்துக்கு, தாமதம் செய்தால் உயிருக்கே ஆபத்து, குடும்பத்தோடு உடனே வரவும் என்று ஓர் ஆள் மூலம் கடிதம் அனுப்பிவிட்டார். எனக்கு அன்றைக்கு லீவு.

கடிதம் தூத்துக்குடிக்காரர் மனைவி கையில் கிடைத்தது. அப்புறம் கேட்கவேண்டுமா? குவார்ட்டர்ஸ் வரிசையே அழுதது. அந்த மனுஷன் வாயில் இட்லியோடு வந்து, எனக்கு ஒன்றுமில்லை, தொண்டை நன்றாக இருக்கிறது என்று கத்தினார். பாவம், மறைக்கிறார் என்று இன்னும் பலமாக அழுதார்கள். கையிலிருந்த இட்லியைப் பிடுங்கிவிட்டு ரசம் சாதத்தைக் குழைத்துக் கொடுத்தார்கள். மத்தியானத்துக்குள் மச்சினர்கள் வேன் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் ஒன்பது பேரும் மாட்டுவார்கள் என்று அவரும் வாயைத் திறக்கவில்லை, குழைந்த சாதத்தைத் தின்றுகொண்டு நாற்காலியில் துக்கம் விசாரிப்பை வாங்கிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பார்த்தபோது என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். சீக்கிரம் ஏதாவது செய்யுங்கள், இவர்கள் என்னைச் சாகடித்தே விடுவார்கள் என்றார்.

மறுநாள் காலை நான் டாக்டர் முன்னால் போய் நின்றேன். வேலை போகும், வீடு போகும், போகட்டும் என்று முதல் செங்கல்லிலிருந்து எல்லாவற்றையும் கொட்டினேன். கட்டுரை மேஜை மேல் இருந்தது, வெற்றிலைப் பெட்டியும் பக்கத்தில். அவர் முகம் எப்படிப் போனது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒன்பது பேரைப் பற்றி முதலில் கேட்பார் என்று நினைத்தேன்.

"அந்தத் தொண்டை யாரோடதும்மா?" என்றார்.

சொன்னேன். சாயங்காலத்துக்குள் அந்த ஆள் என் முன்னால் இருக்கவேண்டும் என்றார். அதற்கப்புறம்தான் கத்தினார். கத்தின கத்தில் கீழே பரோட்டா அடிப்பது நின்றுவிட்டது. என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் மெஷினை ஓட்ட ஆள் கிடையாது என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லவில்லை. வெற்றிலைப் பெட்டியை மட்டும் கம்பவுண்டரிடம் கொடுத்துவிட்டார்.

சிக்னல்காரரை ஒன்பது பேரும் சேர்ந்து தூக்காத குறையாக அழைத்து வந்தார்கள். வந்தது புற்றுதான், ஆனால் ஆரம்பம். இன்னும் ஆறு மாசம் போயிருந்தால் குரல்பெட்டியையே எடுத்திருப்பார்கள், தொண்டையில் ஓட்டையோடு சைகையில் பேசியிருப்பார் என்று பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். நன்றாகப் பேசுகிற மனுஷன் தொண்டையைக் காட்ட டாக்டரிடம் போயிருக்கவே மாட்டார். அடுத்தவன் பெயரில் வந்து வந்துதான் அகப்பட்டார். வலது நாணில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அனுப்பினார்கள்.

ஒன்பது பேரிடமும் டாக்டர் நிஜமான "ஆ" வாங்கினார். ஒன்பதும் கந்தல். அதை அப்படியே அதிகாரிக்கு அனுப்பி, உங்கள் புகைதான் காரணம் என்று நாலு வரியும் சேர்த்தார். ஒன்பது பேரையும் மாற்றினால் ஷாப்பில் கிரேன் மட்டும்தான் மிஞ்சும் என்று கணக்குப் பார்த்தார்களோ என்னவோ, அந்த விதியைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

நாலு மாசம் கழித்து சிக்னல்காரர் வந்தார். சொந்தச் சட்டையில். பழைய வேலைக்குத் திரும்ப ஒரு குரல் ரிப்போர்ட் வேண்டும். முதல்முறையாக அவர் பெயரிலேயே ஷீட். ஃபேனை நிறுத்தினேன். அவர் "ஆ" என்றார். காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி வந்தது, மூன்றாவது விநாடியில் நின்றுபோயிற்று. எண்ணை அவருக்குக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை. எங்கள் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும் ஆடி மாசத்து "ஆ" இன்னும் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பெயரை மாற்றி ஒரு பட்டன் தட்டினால் பிரிண்ட் வந்துவிடும். அது பொய்யும் இல்லை, அவருடைய குரல்தானே? சொன்னேன். போட்டும் காட்டினேன். சின்ன ஸ்பீக்கரில் ஐந்து விநாடி, அந்தப் பழைய குரல் கணீரென்று வந்து நின்றது.

அவர் இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேர்வை என்றார்.

"வேணாம் அண்ணி. கொக்கிக்கு அடியில ரெண்டு பேர் நிக்கிறான். இப்ப சொன்னதையே எழுதிக் குடுங்கோ."

எழுதிக் கொடுத்தேன். ஸ்டோரில் போட்டார்கள், நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை. அவர் போனபின், எங்கள் வீட்டுக்காரர் பெயரை அழித்துவிட்டு அந்தப் பழைய "ஆ"வுக்கு அவர் பெயரை வைத்தேன். டாக்டரிடம் கேட்கவில்லை.

அந்த மே மாசம் கிளப்பில் ஹவுசி. நம்பர் கூப்பிட வேறு ஆளைப் போடலாம் என்று யாரோ சொன்னதற்கு அந்த ஒன்பது பேரும் சண்டைக்குப் போனார்கள். சிக்னல்காரர்தான் மேடையில். அவர் காய் எடுத்துக் காதோடு சொல்வார், பக்கத்தில் நிற்கிற ஒருவர் அதைக் கத்துவார். ஆளுக்கு ஒரு நம்பர் என்று முறை வைத்துக்கொண்டார்கள். ஒன்பது தொண்டையும் ஒன்பது லட்சணம். அறுபத்தேழை எழுபத்தாறு என்று எங்கள் வீட்டுக்காரர் கத்தி, ரெண்டு பேர் ஒரே நேரத்தில் ஹவுஸ் என்று எழுந்து, அரங்கமே அடித்துக்கொண்டது. தூத்துக்குடிக்காரர் மனைவி சீட்டைக் கிழித்துப் போட்டார்.

சிக்னல்காரர் எழுந்து நின்று வலது கையை நீட்டி மடக்கினார். கிரேனை நிறுத்துகிற ஜாடை. ஒன்பது பேரையும் உட்காரச் சொல்லிவிட்டு, அடுத்த காயை எடுத்து அவரே வாயைத் திறந்தார். முன் வரிசைக்கே சரியாகக் கேட்கவில்லை. மேலே நாலு ஃபேனும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன, வெளியே அனல். நான் எழுந்து போய் நாலு சுவிட்சையும் அணைத்தேன். இருநூறு பேர் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தார்கள், ஏன் நிறுத்தினாய் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.